மின்னியாபோலிஸ்ல ஸ்னோ எமர்ஜென்சிக்கு காரை எங்க விடறது – என் அனுபவம்

அமெரிக்காவுல மின்னியாபோலிஸ்ல பனி நிறைய கொட்டினா, ரோட்டுப் பனியைத் தள்றதுக்காக சிட்டி காரை எங்க விடலாம்னு கட்டுப்பாடு போடும், அதான் ஸ்னோ எமர்ஜென்சி. எங்க அபார்ட்மென்ட்ல கராஜ் கிடையாது, கார் ரோட்லதான் நிக்கும், அதனால ஸ்னோ எமர்ஜென்சின்னாலே காரை டோ பண்ணி (இழுத்துட்டு) போயிடுவாங்களோன்னு பயம். இப்ப அந்த டென்ஷன் இல்ல.

சிட்டி சாயங்காலம் 6 மணிக்குள்ள அறிவிச்சிடும். முதல் நாள் ராத்திரி 9லேர்ந்து காலைல 8 வரைக்கும் ஸ்னோ எமர்ஜென்சி ரூட்ல (முதல்ல பனி தள்ற முக்கியமான ரோடுங்க) ரெண்டு பக்கமும் கார் விடக்கூடாது. ரெண்டாம் நாள் காலைல 8லேர்ந்து ராத்திரி 8 வரை சாதாரண தெருல இரட்டைப்படை வீட்டு நம்பர் பக்கம் கூடாது, பார்க்வேல (பூங்கா, ஏரி ஓரமா போற ரோடு) ரெண்டு பக்கமும் கூடாது. மூணாம் நாள் அதே நேரம் சாதாரண தெருல ஒற்றைப்படை பக்கம் கூடாது.

நான் என்ன பண்றேன்னா, அறிவிப்பு வந்த உடனே, 9 மணிக்கு முன்னாடியே, சாதாரண தெருல ஒற்றைப்படை பக்கம் விட்டுடறேன், மூணாம் நாள் காலைல 8 வரை தொடவே வேணாம். ரெண்டாம் நாள் இரட்டைப்படை பக்கம் முழு அகலத்துக்கும் பனியைத் தள்ளி முடிச்சதும், 8 மணி ஆகலன்னாலும் அங்க விடலாம், அப்ப மாத்திடறேன். முதல்ல விட்டப்புறம் ஒரே ஒரு தடவைதான் நகர்த்தணும்! புதுசா வந்தவங்க தயவுசெஞ்சு இதையே பண்ணுங்க, டிரங்க்ல ஒரு ஷவல் போட்டு வைங்க, பிளவ் (பனி தள்ற வண்டி) போனப்புறம் டயரைச் சுத்தி பனி இறுகிடும்.