ஆர்கனோடு பாடும் பெரிய கொயரில் சேர்வதற்கு ஒரு வழிகாட்டி

நூறு பேர் நிற்கும் கொயரில் (சேர்ந்து பாடும் குழுவில்) சேர அருமையான குரல் வேண்டும் என்று நினைத்தே பலர் தயங்குகிறார்கள். குரல் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. சுருதி விலகாமல், கையசைத்துக் கொயரை நடத்தும் கண்டக்டரின் கையிலிருந்து கண்ணை எடுக்காமல் பாடத் தெரிந்தால் போதும். ஆர்கனோடு, அதாவது காற்றுக் குழல்களால் ஒலிக்கும் பெரிய கீபோர்டு வாத்தியத்தோடு, பாடும்போது இந்த இரண்டாவது பழக்கம்தான் ஆளைக் காப்பாற்றும்.

கம்யூனிட்டி கொயர்களில் சில, வருகிற எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும். சில குரல் தேர்வு வைக்கும். எதுவானாலும் பெயர் கொடுப்பதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: ஒரு கச்சேரிக்கு எத்தனை ஒத்திகை? எத்தனை ஒத்திகைக்கு வராமல் இருக்கலாம்? ஆர்கனோடு நடக்கும் ஒத்திகைகள் எந்தத் தேதிகளில்? ஸ்கோர் (இசைக்குறிப்புப் புத்தகம்) வாடகைக்குக் கிடைக்குமா, சொந்தமாக வாங்க வேண்டுமா? வாங்குவதென்றால் பதிப்பகத்தின் பெயரைத் தெரிந்துகொண்டு அதே பதிப்பை வாங்குங்கள். ஹேண்டலின் 'மெசையா' போன்ற படைப்புகளில் பதிப்புக்குப் பதிப்பு பக்க எண்ணும் பாடல் எண்ணும் மாறும். கண்டக்டர் ஒரு எண் சொல்ல, நீங்கள் வேறொரு பக்கத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். புதுப் படைப்பை எடுக்கும் முதல் ஒத்திகையிலேயே சேர்வது நல்லது. பாதியில் நுழைபவருக்கு மற்றவர்கள் ஏற்கெனவே குறித்து வைத்திருப்பது எதுவும் தெரியாது.

எந்தப் பார்ட்?

கொயர் நான்கு குரல் வரிகளாகப் பிரியும், ஒவ்வொரு வரியும் ஒரு பார்ட். கீபோர்டில் மிடில் சியை (நடுவில் உள்ள சி சுரத்தை) கண்டுபிடித்து அங்கிருந்து மேலும் கீழும் மெதுவாகப் பாடிப் பாருங்கள். கொயர் இசையில் சோப்ரானோ மிடில் சியிலிருந்து அடுத்த ஆக்டேவில் (சுர அடுக்கில்) உள்ள ஏ வரை போகும். ஆல்டோ மிடில் சிக்குக் கீழே உள்ள ஜியில் தொடங்கி, அடுத்த ஆக்டேவில் உள்ள டி வரை. டெனருக்கு மிடில் சிக்கு ஒரு ஆக்டேவ் கீழே உள்ள சியிலிருந்து மிடில் சிக்கு மேலே உள்ள ஜி, சில சமயம் ஏ. பேஸுக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆக்டேவ் கீழே உள்ள எஃப்பிலிருந்து மிடில் சியைத் தாண்டி ஈ வரை. பெரிய கொயர்களில் ஒவ்வொரு பார்ட்டும் முதல், இரண்டாம் என்று இரண்டாகப் பிரியும்.

எவ்வளவு உச்சத்தைத் தொட முடிகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்தச் சுரங்களில் இருபது நிமிடம் தொண்டை வலிக்காமல் இருக்க முடிகிறது என்பதே கணக்கு. உயர்ந்த ஏ எட்டுகிறது என்பதற்காக சோப்ரானோவில் நிற்பவருக்கு, ஈக்கும் எஃப்புக்கும் நடுவிலேயே சுற்றும் ஒரு பக்கம் வந்தால் குரல் கட்டிவிடும். முதல் சோப்ரானோவா இரண்டாவதா என்ற குழப்பம் இருந்தால் இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். நடுப் பார்ட் பாடுபவர்தான் வேகமாக நொட்டேஷன் படிக்கக் கற்றுக்கொள்கிறார். மெலடி அவருக்குத் துணைக்கு வராது.

குரல் தேர்வில் அனேகமாக அரை சுரம் அரை சுரமாக ஏற்றி ஸ்கேல் பாடச் சொல்வார்கள். மூன்று சுரங்களை ஒன்றாக வாசித்து நடுச் சுரத்தை மட்டும் பாடச் சொல்வார்கள். சின்ன மெட்டை வாசித்துத் திருப்பிப் பாடச் சொல்வார்கள். கடைசியில் பார்த்திராத எட்டு பார் (தாளக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) நொட்டேஷனைக் கையில் கொடுப்பார்கள். அதில் வாயைத் திறப்பதற்கு முன் கீ (ஆதார சுருதி), தாளக்கணக்கு, முதல் சுரம், பெரிய தாவல் எங்கே என்ற நான்கையும் பார்த்துவிடுங்கள். நடுவில் சுரம் பிசகினால் நிறுத்த வேண்டாம். சுரம் தவறினாலும் எண்ணிக்கை தவறாமல் இருந்தால் அடுத்த பாரில் சேர்ந்துகொள்ளலாம். எண்ணிக்கையே போய்விட்டால் சேர இடமில்லை. தேர்வு வைப்பவர்களும் அதைத்தான் கவனிக்கிறார்கள்.

கமகத்தோடு பாடிப் பழகியவர்கள் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போகாமல், நேராக அடுத்த சுரத்தின் நடுவில் இறங்க வேண்டும். நாலு பேர் வழுக்கினாலே கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) கலங்கிவிடும். தனிப் பாட்டுக்காரர்களின் அகலமான வைப்ரேட்டோவுக்கும் (குரல் அசைவுக்கும்) இதே கதிதான்.

ஸ்கோரும் பென்சிலும்

வோக்கல் ஸ்கோரில் நான்கு குரல் வரிகளும் மேலே இருக்கும். ஆர்கனோ, ஆர்கெஸ்ட்ராவின் பியானோச் சுருக்கமோ கீழே இருக்கும். டெனர் வரியின் தொடக்கத்தில் உள்ள டிரெபிள் கிளெஃப் குறியின் அடியில் சின்னதாக 8 போட்டிருந்தால், எழுதியதற்கு ஒரு ஆக்டேவ் கீழே பாட வேண்டும். பார் எண் அச்சிடப்படாத பதிப்பு என்றால் முதல் வேலையாக நீங்களே எழுதிவிடுங்கள்.

பேனா வேண்டாம், 2பி பென்சில். மூச்சு எடுக்கும் இடம், சத்தம் குறையும் இடம், கண்டக்டரை நிமிர்ந்து பார்க்க வேண்டிய இடம் (பலர் ஒரு மூக்குக்கண்ணாடி வரைவார்கள்) எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விடப் பயனுள்ள குறி ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை நீங்கள் நுழையும்போதும் முதல் சுரம் யாரிடமிருந்து கிடைக்கும் என்று தேடி, அங்கிருந்து உங்கள் வரிக்கு ஓர் அம்பு போடுங்கள். கூடியவரை அது வேறொரு குரலாக இருக்கட்டும், ஆர்கன் வேண்டாம்.

ஏனென்றால் ஒத்திகை பெரும்பாலும் பியானோவோடுதான் நடக்கும். பியானோவில் சுரம் எழுதிய இடத்திலேயே கேட்கும். ஆர்கனில் ஸ்டாப் என்பது ஒரு வகைக் குழல் வரிசையைத் திறக்கும் குமிழ், அடி என்பது குழலின் நீள அளவு. 8 அடி ஸ்டாப் மட்டுமே எழுதியபடி ஒலிக்கும். 16 அடி ஸ்டாப் ஒரு ஆக்டேவ் கீழே ஒலிக்கும், 4 அடி ஒரு ஆக்டேவ் மேலே. மிக்ஸ்சர் ஸ்டாப்புகள் அதற்கும் மேலே ஆக்டேவையும் ஐந்தாம் சுரத்தையும் கொண்டுவந்து சேர்க்கும். பல வாரம் பியானோவில் பிடித்துப் பழகிய அந்த ஒரு சுரம் ஆர்கன் வந்த நாளில் காணாமல் போனதுபோல் இருக்கும். அது அங்கேயேதான் இருக்கிறது, வேறு ஆடை போட்டுக்கொண்டு.

வீட்டுப் பயிற்சிக்குத் தினமும் 15 நிமிடம் போதும். முதலில் வார்த்தைகளைத் தாளத்தோடு பேசுங்கள். பிறகு சுரம். பிறகு இரண்டும் சேர்த்து. உங்கள் பார்ட்டை மட்டும் உரக்கக் கேட்கும் பயிற்சி ஒலிப்பதிவு முதல் வாரத்துக்கு உதவும். அதன் பிறகு உங்கள் பார்ட் இல்லாத ஒலிப்பதிவோடு பாடுங்கள், தெரிந்ததும் தெரியாததும் வெளிச்சத்துக்கு வரும். புகழ்பெற்ற இசைத்தட்டைக் கேட்பதைச் சுரம் பதிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முன்பே கேட்டால் ஆல்டோவும் டெனரும் தங்களையறியாமல் மெலடிக்குப் போய்விடுவார்கள்.

ஆர்கன் வந்தவுடன் என்ன மாறுகிறது?

ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஆர்கன் குழல்கள் 34 மீட்டர் தள்ளி மாடத்தில் இருந்தால், சத்தம் உங்களிடம் வந்து சேர விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில் அது ஒரு பீட்டில் ஐந்தில் ஒன்று. நீங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பாடினால் உங்கள் குரல் ஆர்கனிஸ்டிடம் திரும்பிப் போக இன்னொரு பத்தில் ஒரு பங்கு. அவரும் உங்களுக்காகக் காத்திருந்தால், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொண்டே போவீர்கள். பாட்டு இழுபடுவதற்கு முதல் காரணம் இதுதான். சோம்பல் அல்ல. அதனால் ஆர்கனிஸ்ட் கண்ணாடியிலோ கேமரா திரையிலோ கண்டக்டரைப் பார்த்து வாசிப்பார். நீங்களும் கையைப் பார்த்தே பாட வேண்டும். ஆர்கன் பின்தங்குவதுபோல் உங்களுக்குக் கேட்டாலும் அதற்காக நிற்கக் கூடாது. ரசிகர்கள் இருக்கும் இடத்தில் எப்படிக் கேட்கிறது என்று கண்டக்டர் யாரையாவது அனுப்பிச் சரிபார்த்துச் சொல்வார்.

பியானோவின் சுரம் அடித்த கணத்தில் உரக்க எழுந்து உடனே தேயத் தொடங்கும். அந்த அடி கொயருக்குத் தாளம் காட்டும். ஆர்கன் சுரம் விரல் எடுக்கும்வரை ஒரே அளவில் நிற்கும், அடி என்று ஒன்றும் இராது. ஒரே கார்டை நாலு தரம் வாசித்தால் இடைவெளிதான் தாளம். எதிரொலி அதிகமான கட்டடத்தில் அந்த இடைவெளியும் நிரம்பிவிடும். ஆகவே நீண்ட சுரங்களில் மனத்துக்குள் பாதி பீட்டாகப் பிரித்து எண்ணுங்கள்.

சுருதி விஷயத்தில் ஆர்கன் கொஞ்சமும் இரங்காது. ஆர்கன் இல்லாமல் இரண்டு பக்கம் பாடிவிட்டு அது மறுபடி நுழையும்போது, கொயர் கால் சுரம் இறங்கியிருந்தால் அரங்கம் முழுக்கத் தெரியும். ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும்போதும் படிப்படியாக இறங்கும் வரிகளிலும்தான் சுருதி கீழே போகும். இறங்கும் படிகளைச் சிறியதாகவும் ஏறும் படிகளைப் பெரியதாகவும் நினைத்துப் பாடுவது பழைய, வேலை செய்யும் வைத்தியம். இன்னொரு நுணுக்கமும் உண்டு. துணை வாத்தியம் இல்லாமல் நன்றாகப் பாடும் கொயரின் மேஜர் மூன்றாம் சுரம் (சி கார்டில் ஈ), ஆக்டேவைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கும் சம அளவுச் சுருதியில் உள்ள ஆர்கனைவிட 14 சென்ட் தாழ்ந்திருக்கும் (அரை சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). தனியாகக் கேட்டால் அது இனிமை, ஆர்கனோடு சேர்ந்தால் உரசல். கார்டின் மூன்றாம் சுரம் உங்கள் கையில் இருந்தால் ஆர்கன் பக்கம் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளுங்கள்.

வெப்பத்தையும் மறக்க வேண்டாம். புல்லாங்குழல்போல் காற்றால் மட்டும் ஒலிக்கும் ஃப்ளூ குழல்களின் சுருதி ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 3 சென்ட் ஏறும். காலையில் குளிர்ந்திருந்த கட்டடம் மாலையில் கூட்டம் நிரம்பி 5 டிகிரி சூடேறினால் 15 சென்ட். ஆர்கனைக் கச்சேரி நடுவில் டியூன் செய்ய முடியாது, கொயர்தான் வளைய வேண்டும்.

சத்தம் பற்றி: ஆர்கன் முழு பலத்தில் வரும்போது நம் குரலே நமக்குக் கேட்காது, உடனே கத்தத் தோன்றும். கத்தாதீர்கள். ஸ்டாப்பைக் குறைப்பது ஆர்கனிஸ்டின் வேலை, கேட்பது கண்டக்டரின் வேலை. தொண்டை நடுவில் போய்விட்டால் அதை யாரும் திருப்பித் தர முடியாது. உலோக நாக்கு அதிர்ந்து உரக்க ஒலிக்கும் ரீட் குழல்களுக்கு நேர் முன்னால் நிற்க நேர்ந்தால் இடம் மாற்றித் தரக் கேளுங்கள், அல்லது இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சும் உச்சரிப்பும்

ஆர்கனுக்கு மூச்சு முட்டாது, கொயருக்கு முட்டும். எட்டு பார் நீளமான சுரத்தில் எல்லோரும் மாற்றி மாற்றி மூச்சு எடுப்பார்கள். பக்கத்தில் நிற்பவர் எடுக்கும் இடத்தில் நீங்கள் எடுக்க வேண்டாம், பார் கோட்டிலும் வேண்டாம். உயிரொலியின் நடுவில் மெல்ல விலகி, சத்தமில்லாமல் மூச்சு வாங்கி, அதே உயிரொலியில் மெல்லத் திரும்புங்கள்.

பீட்டில் விழ வேண்டியது உயிரொலி. மெய்யொலி அதற்குச் சற்று முன்பே வந்துவிட வேண்டும். தமிழ் பேசும் நாக்கு ஆங்கிலச் சொல்லின் கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டிவிடும்: 'லார்ட்' (Lord) 'லார்டு' ஆகும், 'காட்' (God) 'காடு' ஆகும். நூறு பேர் ஒட்டினால் இல்லாத ஓர் அசை கூடுதலாகக் கேட்கும். கடைசி 'ஸ்' ஒலியைச் சரியாக எந்த பீட்டில் வெட்டுவது என்று குறித்துவைத்து, மெலிதாகச் சொல்லுங்கள். லத்தீன் பாட்டு என்றால் இத்தாலிய உச்சரிப்பா ஜெர்மானிய உச்சரிப்பா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். முதலாவதில் 'அன்யுஸ்', இரண்டாவதில் 'அக்னுஸ்'.

கச்சேரி நாளில்

பகல் ஒத்திகையில் பாதிக் குரலில் பாடுங்கள். நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றால் மயக்கம் வரலாம். நெருக்கமாக நிற்கும் இடத்தில் வாசனைத் திரவியம் வேண்டாம். ஸ்கோரை மார்பளவுக்குச் சற்று மேலே பிடித்தால் தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் உயர்த்திக் கண்டக்டரைப் பார்க்கலாம். ஒவ்வொரு பக்கத் திருப்பத்துக்கும் அப்பால் உள்ள முதல் இரண்டு பார்களை மனப்பாடம் செய்திருந்தால், முன்கூட்டியே சத்தமில்லாமல் திருப்பிவிட்டு நிமிர்ந்து பாட முடியும். தொலைந்துபோனால் வாயை அசைத்துக்கொண்டே அடுத்த பார் எண்ணுக்குக் காத்திருங்கள். தவறான இடத்தில் தைரியமாக நுழைவதைவிட அது எவ்வளவோ மேல்.

வாடகை ஸ்கோராக இருந்தால் பென்சில் குறிகளை எல்லாம் அழித்துவிட்டு, சொன்ன தேதிக்குள் நூலகப் பொறுப்பாளரிடம் திருப்பிக் கொடுங்கள். ஒரு பிரதி தாமதமானாலும் கொயர் முழுவதற்கும் சேர்த்து அபராதம் வரலாம்.