தலை வரையப் பழகுகிறீர்களா? கண்ணைக் கடைசியில் வரையுங்கள்

தலை வரைய உட்காருகிறவர்களில் பலர் நேராகக் கண்ணுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு கண்ணை இமைமயிர் வரை அழகாக முடித்துவிட்டு, அதற்கு ஜோடி வரையும்போதுதான் தகராறு. இரண்டாவது கண் மேலே ஏறிவிடும், இல்லையென்றால் மூக்கோடு ஒட்டிக்கொள்ளும். இந்த முறையில் கண் கடைசியில்தான் வரும். நேராக நம்மைப் பார்க்கும் பெரியவர் ஒருவரின் தலையை வைத்துத் தொடங்குவோம்.

எச்பி பென்சில் ஒன்றும் பிசைந்து உருட்டக்கூடிய ரப்பரும் போதும். ஸ்கேல் வேண்டாம். அது கையில் இருந்தால் கண் சோம்பேறியாகிவிடும்.

படி 1. லேசான கோட்டில் ஒரு முட்டை வடிவம், கூர்முனை கீழே. அகலம் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. நடுவில் உச்சியிலிருந்து முகவாய் வரை ஒரு செங்குத்துக் கோடு.

படி 2. உயரத்தைச் சரிபாதியாக்கிக் குறுக்கே ஒரு கோடு. இதுதான் கண் வரும் இடம். இங்கேதான் எல்லோருக்கும் சந்தேகம் வரும்: "இவ்வளவு கீழேயா?" ஆமாம், இவ்வளவு கீழேதான். நாம் ஒருவரைப் பார்க்கும்போது கண், மூக்கு, வாயைத்தான் கவனிக்கிறோம். நெற்றியும் அதற்கு மேலே உள்ள மண்டையும் கணக்கிலேயே வருவதில்லை. அதனால் கை தானாகக் கண்ணை மேலே தூக்கிவிடும், தலை தட்டையாகிவிடும். நம்பிக்கை வரவில்லையென்றால் நேர்முகப் புகைப்படம் ஒன்றில் பென்சிலை வைத்து உச்சியிலிருந்து கண் வரை அளந்து, அதே அளவைக் கண்ணிலிருந்து கீழே வைத்துப் பாருங்கள். ஒன்று கவனம்: உச்சி என்பது மண்டையின் உச்சி. முடி அதற்கு மேல் தனியாக எழும்பி நிற்கும், அதைச் சேர்த்து அளந்தால் கணக்கு தப்பும்.

படி 3. இப்போது மூன்று சம பங்குகள்: முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கின் அடி, அங்கிருந்து முகவாய். இது உச்சியிலிருந்து எடுக்கும் கணக்கு அல்ல, படி 2-உடன் குழப்பிக்கொள்ளாதீர்கள். உதடுகள் சேரும் கோடு, மூக்கின் அடிக்கும் முகவாய்க்கும் இடையில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வரும். காது, புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் நடுவே.

படி 4. கண் கோட்டின் அகலத்தை ஐந்தாகப் பிரியுங்கள். இரண்டாவதும் நான்காவதும் கண்கள். நடுவில் ஒரு கண் அகலத்துக்கு இடைவெளி. கண்ணின் உள்மூலையிலிருந்து நேர்கீழே இறங்கினால் மூக்கின் ஓரம், கருவிழியின் நடுவிலிருந்து இறங்கினால் கிட்டத்தட்ட வாயின் ஓரம்.

படி 5. சமச்சீர். இடப்பக்கம் ஒரு கோடு போட்டால் உடனே வலப்பக்கமும் அதே கோடு. நடுக்கோட்டிலிருந்து உள்ள தூரத்தைப் பென்சில் முனைக்கும் விரலுக்கும் இடையில் பிடித்து, அப்படியே மறுபக்கம் கொண்டுபோய்ப் புள்ளி வையுங்கள். எந்தக் கண்ணையும் தனியாக முடிக்காதீர்கள். அப்புறம் படத்தைக் கண்ணாடியில் காட்டுங்கள், அல்லது போனில் படமெடுத்து இடவலமாகத் திருப்புங்கள். சாய்ந்த தாடையும் ஏறிய புருவமும் சட்டென்று தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல கருவி கிடையாது.

தாளை மேசையில் படுக்கவைத்து வரையாதீர்கள். தாளின் மேல்பகுதி கண்ணுக்குத் தூரமாக இருப்பதால் குறுகித் தெரியும், அதை ஈடுகட்டக் கை நீட்டி வரைந்துவிடும். பலகையைச் சாய்த்து, உங்களுக்கு எதிரே நிமிர்த்தி வையுங்கள்.

பின்சேர்க்கை: "அளவெல்லாம் சரி, ஆனால் புகைப்படத்தோடு பொருந்தவில்லை" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அனுப்பிய படங்களில் பாதி, தலை குனிந்தவை. குனிந்தால் கண் கோடு பாதிக்குக் கீழே இறங்கி, கீழ்நோக்கி வளையும். காது கண்ணைவிட மேலே ஏறியதுபோல் தெரியும். நிமிர்ந்தால் எல்லாம் நேரெதிர். குழந்தைப் படங்களுக்கும் இந்த அளவு ஒத்துவராது, அங்கே கண்கள் பாதிக்கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். முதலில் பெரியவர்களின் நேர்முகப் படங்களாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.