மாஸ்கோவா ட்வெரா? ரஷ்ய இளவரசர்களோட பட்டச் சண்டையை பேப்பர் பேனா வச்சு புரிஞ்சுக்கறது எப்படி

ரஷ்ய வரலாறு படிக்க ஆசையா உக்காந்துட்டு 1300க்கு வந்ததும் புக்கை மூடி வச்சவங்க நிறைய பேர் இருப்பீங்க. காரணம் சிம்பிள், எல்லாருக்கும் ஒரே பேரு, எல்லாரும் சொந்தக்காரங்க, எல்லாரும் "எனக்குத்தான் உரிமை"ன்னு சொல்றாங்க, அதுல பாதிப் பேர் சொல்றது நிஜமாவே சரியா வேற இருக்கு. அதனால யார் நல்லவன் யார் கெட்டவன்னு தேடாதீங்க. எவன் எந்த உரிமையைக் காட்டி கேக்கறான்னு பாருங்க. அது பிடிபட்டா மிச்சம் தன்னால வரும்.

ஸ்டெப் 1: பட்டம் வேற, ஊர் வேற

எல்லாரும் அடிச்சுக்கறது விளாதிமிர் கிராண்ட் பிரின்ஸ்ங்கற பட்டத்துக்கு. விளாதிமிர்ங்கறது மாஸ்கோவுக்குக் கிழக்கே கிளியாஸ்மா ஆத்தங்கரையில இருக்கற ஊரு. ஆனா பட்டம் வாங்கினவன் பெரும்பாலும் அங்க குடியேற மாட்டான், பட்டமேறிட்டு தன் சொந்த ஊருக்கே திரும்பிடுவான், ட்வெர்காரன் ட்வெருக்கு, மாஸ்கோகாரன் மாஸ்கோவுக்கு. பட்டத்தால என்ன லாபம்னா விளாதிமிரைச் சேர்ந்த நிலம் கைக்கு வரும், மத்த இளவரசர்கள்கிட்ட இருந்து, அப்போ ரஷ்யாவை அடக்கி வச்சிருந்த மங்கோலியர்களுக்குப் போற கப்பத்துல கை வைக்கலாம், பணக்கார ஊரான நோவ்கொரோதும் வழக்கமா அவனையே தங்களோட இளவரசனா ஏத்துக்கும். பேப்பரை நடுவுல கோடு போட்டு ரெண்டா பிரிச்சு ஒண்ணுல பட்டம், இன்னொண்ணுல ஊர்னு எழுதிக்கோங்க.

ஸ்டெப் 2: அப்பா பேரோட எழுதுங்க

வெறும் யூரின்னு எழுதினா தொலைஞ்சீங்க. ரஷ்யாக்காரங்க பேருக்குப் பின்னாடி அப்பா பேரு வரும், நம்ம ஊர் இனிஷியல் மாதிரி. யூரி தனீலோவிச்னா தனீலோட மகன், யூரி திமித்ரியெவிச்னா திமித்ரியோட மகன், ரெண்டு பேருக்கும் நடுவுல நூறு வருஷம் இருக்கு. எப்பவாவது இதுவும் கைவிடும். யூரி திமித்ரியெவிச்சோட பசங்கள்ல ரெண்டு பேருக்கு திமித்ரின்னே பேரு வச்சிருக்கார் மனுஷன்! அங்கே ஷெம்யாகா, கிராஸ்னின்னு பட்டப்பேரு வச்சுத்தான் பிரிக்கணும்.

ஸ்டெப் 3: மரம் வரையுங்க

மேல யாரோஸ்லாவ் வ்செவோலோதோவிச்னு எழுதுங்க, 1243ல மங்கோலிய அரசர் பாட்டு கான் கையால பட்டம் வாங்கினவர். அவருக்குக் கீழ ரெண்டு கிளை போதும். ஒண்ணு அலெக்சாந்தர் நெவ்ஸ்கி, அவரோட கடைசிப் பையன் தனீல், அவருக்குக் கிடைச்சதுதான் மாஸ்கோ, அப்போ அது சின்ன ஊரு. இன்னொண்ணு நெவ்ஸ்கியோட தம்பி யாரோஸ்லாவ் யாரோஸ்லாவிச், ட்வெர் கிளை, அவரோட மகன் மிகைல். விளாதிமிர் பட்டத்துல உக்காந்தவங்க பேரை வட்டம் போடுங்க: மேல இருக்கற யாரோஸ்லாவ், நெவ்ஸ்கி, ட்வெர் யாரோஸ்லாவ். தனீலுக்கு வட்டம் கிடையாது. இதை நல்லா பாத்து வச்சுக்கோங்க, மாஸ்கோவோட மொத்தத் தலைவலியும் இந்த வட்டம் இல்லாத பேர்லதான்.

ஸ்டெப் 4: மூணு கேள்வி கேளுங்க

முதல் கேள்வி, மூப்பு முறைப்படி யாருக்கு? பழைய வழக்கப்படி பட்டம் அப்பாகிட்ட இருந்து நேரா மகனுக்குப் போகாது, அண்ணன்ல இருந்து தம்பிக்குப் போகும், தம்பிங்க தீர்ந்தா அடுத்த தலைமுறையில மூத்தவனுக்கு. ஆனா ஒரு கண்டிஷன், அப்பா அந்தப் பட்டத்துல உக்காந்திருக்கணும். உக்காராமயே செத்துட்டா பிள்ளைங்க வரிசையில இருந்தே அவுட்.

ரெண்டாவது, செத்தவர் உயில்ல யார் பேரு இருக்கு?

மூணாவது, கான் யாருக்கு யார்லிக் குடுத்தார்? யார்லிக்னா கோல்டன் ஹோர்ட்ங்கற மங்கோலிய அரசோட கான் தர்ற அனுமதிப் பத்திரம். இளவரசர்கள் வோல்கா ஆத்தோட கீழ்ப்பக்கம் இருந்த சராய்க்கு நேர்ல போய், பரிசு குடுத்து, மாசக்கணக்குல காத்திருந்து வாங்கிட்டு வரணும். போனவங்க எல்லாரும் உயிரோட திரும்பினாங்கன்னும் சொல்ல முடியாது.

ஸ்டெப் 5: 1304ஐ வச்சு டெஸ்ட் பண்ணுங்க

1304ல கிராண்ட் பிரின்ஸ் அந்திரெய் சாகறார், நெவ்ஸ்கியோட மகன். போட்டி ட்வெர் மிகைலுக்கும் மாஸ்கோ யூரி தனீலோவிச்சுக்கும். மரத்தைப் பாருங்க, மிகைல் யூரிக்கு சித்தப்பா முறை, மூத்த தலைமுறை, அப்பா பேர்ல வட்டமும் இருக்கு. யூரியோட அப்பா தனீல் 1303லயே, அந்திரெய்க்கு முன்னாடியே போயிட்டார், வட்டம் இல்ல. ஆக முதல் கேள்விக்கு மிகைல். கானும் மிகைலுக்கே குடுத்தார், அதனால மூணாவது கேள்விக்கும் மிகைல். இத்தோட முடிஞ்சிருக்கணும்.

ஆனா யூரி விடல. 1313ல உஸ்பெக் கான் வந்ததும் கணக்கு மாறுது. யூரி ஹோர்டுக்குப் போய் கானோட தங்கச்சி கொன்சாகாவைக் கட்டிக்கிட்டு யார்லிக்கோட, மங்கோலியப் படையோட திரும்பி வர்றார். 1317 டிசம்பர்ல போர்தெனெவோ கிட்ட மிகைல் அவரைத் தோற்கடிச்சு கொன்சாகாவைப் பிடிச்சுட்டார், அந்தம்மா ட்வெர்ல கைதியா இருக்கும்போதே செத்துட்டாங்க. ஜெயிச்சவருக்கு அந்த ஜெயிப்பே எமனா போச்சு. கான் கூப்பிட்டு விசாரிச்சு 1318 நவம்பர்ல மிகைலைக் கொன்னுட்டாங்க. 1325ல மிகைல் மகன் திமித்ரி ஹோர்ட்லயே வச்சு யூரியைக் கொன்னார், அடுத்த வருஷம் கான் அவரையும் கொன்னார். ட்வெரோட தலையெழுத்தைப் பாருங்க, கான் அப்பவும் பட்டத்தை திமித்ரியோட தம்பி அலெக்சாந்தருக்குத்தான் குடுத்தார், ஆனா 1327 ஆகஸ்ட்ல ட்வெர் ஜனங்க கானோட ஆள் சோல்கானை எதிர்த்து எழுந்து அவரைக் கொன்னுட்டாங்க. யூரியோட தம்பி இவான் கலிதா உடனே ஹோர்ட் படையோட சேர்ந்து ட்வெரை நாசம் பண்ணினார். முதல்ல பாதி, அப்புறம் முழுசா பட்டம் அவருக்கு. எனக்கு இந்த ஆளைப் பிடிக்காது, ஆனா மூணு கேள்வியில எது வேலை செய்யும்னு இவரளவுக்குப் புரிஞ்சுக்கிட்டவர் யாருமில்ல. முறைப்படி உரிமையே இல்லாத வீட்டுக்கு யார்லிக் ஒண்ணுதான் வழி, அதுக்குப் பணம் வேணும், அதைச் சேர்க்கணும், அவ்வளவுதான்.

ஸ்டெப் 6: 1425, இங்கதான் நிறைய பேர் குழம்புவாங்க

இப்போ ட்வெர் இல்ல, மாஸ்கோ வீட்டுக்குள்ளயே சண்டை. முதலாம் வசீலி 1425ல சாகறார், மகன் இரண்டாம் வசீலிக்குப் பத்து வயசுகூட நிரம்பல. வசீலியோட தம்பி யூரி திமித்ரியெவிச், அதாவது பையனுக்கு சித்தப்பா, ஐம்பது வயசு, போர் பாத்தவர்.

முதல் கேள்வி: அண்ணனுக்கு அப்புறம் தம்பி, அப்போ யூரி.

ரெண்டாவது கேள்வியிலதான் வில்லங்கம், ஏன்னா உயில் ரெண்டு இருக்கு. தாத்தா திமித்ரி தோன்ஸ்கோய் 1389ல எழுதினதுல வசீலி செத்தா அவன் பங்கு அடுத்த மகனுக்குன்னு இருக்கு. அது எழுதறப்ப வசீலிக்குக் கல்யாணமே ஆகல, பிள்ளை இல்லாம செத்தா என்ன பண்றதுன்னு நினைச்சு எழுதினாரா, இல்ல எப்படி ஆனாலும் தம்பிக்கான்னு ஆளாளுக்கு வாதம் பண்ணலாம். முதலாம் வசீலியோட உயில்ல மகன் பேருதான் இருக்கு, லித்துவேனியாவை ஆண்ட மாமனார் வீதவ்தாஸோட பாதுகாப்பும் அந்தப் பையனுக்கு இருந்தது. வீதவ்தாஸ் 1430ல செத்ததும் யூரி மறுபடி கிளப்பிட்டார்.

மூணாவது கேள்விக்காக ரெண்டு பேரும் ஹோர்டுக்குப் போனாங்க. 1432ல உலுக் முகமது கான் முன்னாடி யூரி பழைய நூல்களையும் அப்பா உயிலையும் காட்டினார். பையன் பக்கம் பேசினது இவான் வ்செவோலோஷ்ஸ்கின்னு ஒரு பொயார், அதாவது பெரிய பிரபு, செம ஆளு. இவர் செத்துப்போன அப்பாவோட காகிதத்தை நம்பி வந்திருக்கார், எங்க ஆளு உங்க கருணையை நம்பி வந்திருக்கார்னு கான்கிட்ட சொல்லிட்டார். முதல் ரெண்டு கேள்வியையும் ஓரங்கட்டிட்டு மூணாவதை மட்டும் வச்சு கேஸை முடிச்சாச்சு! பட்டம் பையனுக்கு, சித்தப்பாவுக்கு ஆறுதலா திமித்ரோவ்ங்கற ஊரு.

அந்த பொயார் தன் பொண்ணை வசீலிக்குக் கட்டிக் குடுக்கலாம்னு நினைச்சிருந்தார். வசீலியோட அம்மா சோஃபியா வேற பொண்ணைப் பாத்துட்டாங்க, இவர் கோவிச்சுக்கிட்டு யூரி பக்கம் தாவிட்டார். 1433ல நடந்த அந்தக் கல்யாணத்துலயே சோஃபியா, யூரி மகன் வசீலி கொசோய் இடுப்புல இருந்த தங்க பெல்ட்டை, இது எங்க வீட்டுல திருடினதுன்னு சொல்லி எல்லார் முன்னாடியும் கழட்டிட்டாங்க. அடுத்த இருபது வருஷம் சண்டை, 1436ல கொசோயோட கண்ணை வசீலி பறிச்சார், 1446ல வசீலியோட கண்ணை ஷெம்யாகா பறிச்சார், 1453ல ஷெம்யாகா நோவ்கொரோத்ல விஷம் வச்சு சாகடிக்கப்பட்டார். கண்ணில்லாத வசீலி உயிரோட இருக்கும்போதே மகன் இவானை கூட்டு ஆட்சியாளரா அறிவிச்சுட்டார், மூப்பு முறைக்கு இடமே குடுக்கல.

ஸ்டெப் 7: நீங்களே ஒண்ணு போடுங்க

1360ல சுஸ்தால்ங்கற ஊரோட இளவரசர் திமித்ரி கான்ஸ்தாந்தினோவிச்சுக்கு யார்லிக் கிடைக்குது, மாஸ்கோவுல இருக்கறது பத்து வயசுகூட ஆகாத திமித்ரி இவானோவிச், பின்னாடி தோன்ஸ்கோய் ஆகப் போறவர். மூணு கேள்வியையும் கேட்டு எழுதுங்க. க்ளூ: சுஸ்தால்காரரோட அப்பா கான்ஸ்தாந்தின் பட்டத்துல உக்காரல, பையனோட அப்பா இரண்டாம் இவான் உக்காந்திருந்தார். அப்புறம் ஹோர்ட்ல ஒரே நேரத்துல ரெண்டு கான் இருந்ததால மூணாவது கேள்விக்கு ரெண்டு பதில் வரும், தப்புன்னு அடிச்சுடாதீங்க, ரெண்டையும் எழுதுங்க. கடைசியில சுஸ்தால்காரர் பட்டத்தை விட்டுக் குடுத்து 1366ல தன் பொண்ணு எவ்தோகியாவையும் அந்தப் பையனுக்கே கட்டி வச்சார், அதுக்கும் மரத்துல ஒரு கோடு போடுங்க. அந்தத் தம்பதியோட பசங்கதான் ஸ்டெப் 6ல வர்ற முதலாம் வசீலியும் யூரியும்.