நிலம் நீலமாகாமல்: மட்டக்களப்பில் ஓர் அரசியல் றொக் அல்பத்தைப் பதிவு செய்யும் முறை

அரசியல் பேசும் ஒரு றொக் குழு முதல் அல்பம் செய்கிறதென்றால், கேட்கிறவருக்கு முதல் தடவையிலேயே சொல் விளங்க வேண்டும். கிற்றார் எவ்வளவு கனமாக ஒலித்தாலும், ட்ரம்ஸ் எவ்வளவு அதிர்ந்தாலும், "என்ன பாடினவங்கள்?" என்று கேட்க வேண்டி வந்தால் அந்தப் பாட்டு தோற்றுப்போகிறது. மெட்டு கட்டுவதிலிருந்து கடைசி மிக்சிங் (பதிந்த ஒலிகளைச் சேர்த்துக் கலப்பது) வரை கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

பிழை பெரும்பாலும் மெட்டில்தான் தொடங்குகிறது. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றிவிடும். "எங்கட நிலம்" என்று எழுதிவிட்டு, "நி" மேல் நீண்ட சுரத்தை வைத்துப் பாடினால் கேட்பவர் காதில் "நீலம்" விழும். காணி உரிமைப் பாட்டு நிறத்தைப் பற்றிய பாட்டாகிவிடும். "விடு" என்பதை இழுத்தால் "வீடு". ஒவ்வொரு வரியையும் முதலில் தாளம் தட்டிப் பேசிப் பாருங்கள். நீட்டிப் பாடும் இடத்தில் இயல்பாகவே நெடில் உள்ள சொல்லை வையுங்கள். "நிலம்" விரைந்து போகும் சுரங்களில் வரட்டும். நீட்ட வேண்டிய இடத்தில் "காணி" என்று போடுங்கள். கிழக்கில் சனம் வாயில் புழங்குகிற சொல்லும் அதுதானே. "மறுகா", "என்னகா" போன்ற பேச்சுச் சொற்களை வெட்டி எறிய வேண்டாம். கல்முனையிலோ வாழைச்சேனையிலோ கேட்பவருக்கு, தன் ஊர் ஆள் பாடுகிறார் என்பது முதல் வரியிலேயே தெரியும்.

ஒன்பது அல்லது பத்துப் பாட்டு, 35 முதல் 40 நிமிடம் போதும். இங்கிலாந்தின் பங்க் றொக் குழுவான த க்ளாஷ் தன் முதல் அல்பத்தை 1977 பெப்ரவரியில் மூன்று வார இறுதிகளில் பதிந்து முடித்தது. பாட்டுகள் ஏற்கெனவே மேடையில் அடிபட்டுத் தேய்ந்திருந்தால் அது இயலும். ஒத்திகை அறையில் பாதி வெந்த பாட்டோடு பதிவுக்குப் போனால், மூன்று மாதத்திலும் முடியாது.

வரிகளில் வரும் உண்மைகளுக்கும் ஒரு கோப்பு வைத்திருங்கள். எத்தனை ஏக்கர், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று பாடினால் அதற்குரிய ஆவணத்தின் பிரதி கையில் இருக்க வேண்டும். உறுதிப்படுத்த முடியாத எண்ணைப் பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். எண் ஒன்று பிழைத்தால் பாட்டு முழுவதையும் பொய்யென்று தள்ளிவிடுவார்கள். தனியாள் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டினால் அவதூறு வழக்கு வரலாம். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவு, இன, மத வெறுப்பைத் தூண்டி வன்முறைக்கோ பாகுபாட்டுக்கோ வழிவிடுவதைக் குற்றமாக்குகிறது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையத்தில் போடுவதையும் தொடுகிறது. தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் சின்னமோ அதைப் போன்ற உருவமோ அட்டைப்படத்தில் வரக்கூடாது. வரிகளையும் அட்டையையும் பதிவுக்கு முன்பே ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். பதிந்த பின் ஒரு வரியை மாற்றுவதென்றால் திரும்பவும் ஆட்களைக் கூட்ட வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போன்றவர்களின் குரலைப் பாட்டுக்கிடையில் சேர்ப்பதாக இருந்தால், அது இணையத்தில் எப்போதைக்கும் கிடக்கும் என்பதை விளங்கப்படுத்தி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மிக்சிங் முடிந்ததும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அப்போது அவர் வேண்டாமென்றால் எடுத்துவிட வேண்டும். அதில் பேரம் பேசக்கூடாது.

நாளும் வீடும்

நவம்பர் முதல் ஜனவரி வரை பதிவுக்கு நாள் குறிக்க வேண்டாம். சீற் கூரை மேல் மழை விழும் சத்தத்தை எந்த மென்பொருளாலும் சுத்தமாக எடுக்க முடியாது. பெப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குகளும் ஆடி அமாவாசையையொட்டி மாமாங்கத் திருவிழாவும் வரும். அந்த நாட்களில் ஊரெல்லாம் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். பள்ளிவாசல் அருகே என்றால் பாங்கு நேரங்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, அப்போது ஓய்வெடுங்கள். ட்ரம்ஸைப் பகலில் அடித்து முடியுங்கள், அயலவர் உறங்க வேண்டும். குரலை இரவு பத்து மணிக்குப் பிறகு பதியலாம். காகமும் ஓட்டோவும் ஓய்ந்திருக்கும்.

சீமெந்துச் சுவரும் ரைல்ஸ் தரையும் உள்ள அறை எதிரொலிக்கும். முட்டை மட்டை ஒட்டுவது வீண் வேலை. பன்பாய் விரித்தால் ட்ரம்ஸ் கால் வழுக்காது, ஆனால் சத்தத்தை அது பெரிதாக உறிஞ்சாது. நாலு அங்குலத் தும்பு மெத்தைதான் இங்கே மலிவாகக் கிடைக்கும் நல்ல சாமான். ஆறு மெத்தை இரவல் வாங்கி, நாலை மூலைகளில் நிமிர்த்தி, இரண்டை ட்ரம்ஸுக்குப் பின்னால் சாத்துங்கள்.

கரண்டில் கவனம் வேண்டும். ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று வரும் இரைச்சல் பெரும்பாலும் 50, 100 ஹேர்ட்ஸ் மின்சார ஹம். கிற்றாரை அறையில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், ஒரு திசையில் அது குறையும். அந்தத் திசையிலேயே உட்கார்ந்து வாசிக்கலாம். மங்கலாக்கும் சுவிட்ச் போட்ட விளக்குகளை அணையுங்கள். எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக்கிலிருந்து எடுங்கள். ஹம் போக வேண்டுமென்று எர்த் பின்னைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உயிரைக் குடிக்கும், ஒருபோதும் செய்யாதீர்கள். பதியும்போது லப்டொப் பற்றரியில் ஓடட்டும். மின்வெட்டு வந்தாலும் பதிந்தது தப்பும்.

உப்புக் காற்று கம்பியைத் தின்னும். கல்லடி, நாவலடிப் பக்கம் புதுக் கம்பியும் சீக்கிரம் மங்கிவிடும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பதிவு தொடங்க முதல் நாள் புதுக் கம்பி போட்டு நன்றாக இழுத்து விடுங்கள். மின்விசிறியை நிறுத்தித்தான் பதிய வேண்டும். நிறுத்தினால் அறை சூடேறிச் சுருதி இறங்கும். ஒவ்வொரு டேக்குக்கும் (ஒரு தடவை வாசித்துப் பதிவது) முன் சுருதி பாருங்கள், விசிறியை இடைவேளையில் போடுங்கள்.

ட்ரம்ஸும் மத்தளமும்

எட்டு உள்ளீடு உள்ள ஓடியோ இன்டர்ஃபேஸ் (மைக்குகளை லப்டொப்போடு இணைக்கும் பெட்டி) ஒன்று போதும். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் பதியுங்கள். ஒரு தடத்துக்கு நிமிடத்துக்கு 8.64 மெகாபைட் போகும். எட்டுத் தடத்தில் நாலு நிமிடப் பாட்டு ஒரு டேக்குக்கு ஏறக்குறைய 276 மெகாபைட். பத்துப் பாட்டுக்கு எத்தனை டேக் வரும் என்று கணக்குப் பார்த்து, இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. ஒலி அளவின் உச்சம் மைனஸ் 10 டெசிபெலைத் தாண்டாமல் இருக்கட்டும். ஒத்திகையில் மெதுவாக அடித்தவர் பதிவில் கட்டாயம் பலமாக அடிப்பார்.

ட்ரம்ஸுக்கு நாலு மைக் போதும். ஒன்று கிக்குக்குள் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்), ஒன்று ஸ்நேரில் (வாசிப்பவரின் முன்னால் உள்ள சிறிய ட்ரம்). மூன்றாவது ஸ்நேரின் நடுவிலிருந்து நேர் மேலே ஒரு மீட்டர் உயரத்தில். நாலாவது வாசிப்பவரின் வலப்பக்கம், பெரிய டாம்முக்கு அப்பால், ஸ்நேரைப் பார்த்தபடி. இந்தக் கடைசி இரண்டும் ஸ்நேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு நூலை எடுத்து, ஒரு முனையை ஸ்நேரின் நடுவில் விரலால் அழுத்திப் பிடித்து, மேல் மைக்கின் வாய் வரை இழுத்து முடிச்சுப் போடுங்கள். அதே நூலைப் பக்க மைக் பக்கம் திருப்புங்கள். முடிச்சு மைக்கின் வாயைத் தொட வேண்டும். 17 சென்ரிமீட்டர் பிசகினால், 1000 ஹேர்ட்ஸ் அலை ஒரு மைக்கில் ஏறும்போது மற்றதில் இறங்கும். இரண்டையும் சேர்த்தால் ஸ்நேர் தகர டின் போலச் சப்பென்று ஒலிக்கும். பிறகு எதைத் திருகினாலும் அது திரும்பி வராது.

வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் தாளக்கட்டுகளைச் சேர்ப்பதாயின், கிளிக் (காதில் ஒரே சீராகத் தட்டும் தாள ஒலி) போட்டுப் பதிய வேண்டாம். கூத்தின் ஆட்டத் தாளம் ஏறிக்கொண்டே போகும். கிளிக்கில் கட்டினால் அதன் உயிர் போய்விடும். மத்தளக்காரரும் ட்ரம்ஸ்காரரும் முகம் பார்த்து ஒன்றாக வாசிக்கட்டும். மத்தளத்தின் இரு முகத்துக்கும் ஒவ்வொரு மைக், 30 சென்ரிமீட்டர் தள்ளி. ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். பாட்டின் சுருதியை மத்தளத்துக்கேற்ப அமையுங்கள், மத்தளத்தை வருத்த வேண்டாம். சல்லரியை (கூத்தில் தட்டும் கைத்தாளம்) தனியாகப் பிறகு பதியுங்கள். அதன் கூர்மை எல்லா மைக்கிலும் புகுந்து, பிறகு பாடும் சொல்லின் மெய்யெழுத்துகள் மேலேயே வந்து உட்கார்ந்துவிடும். கூத்து மெட்டை எடுத்தால் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடம் கேட்டு, ஊர்ப் பெயரையும் அவர் பெயரையும் அட்டையில் போட்டு, சம்பளமும் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்பு உண்டு.

கிற்றாரும் குரலும்

மேடையில் வைக்கும் டிஸ்டோர்ஷனில் (கிற்றார் ஒலியைக் கரகரக்க வைப்பது) பாதியை வைத்துப் பதியுங்கள். ஒரே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துண்டு) இரண்டு தடவை வாசித்து இடம் ஒன்று, வலம் ஒன்றாக வைத்தால் கனம் தானாக வரும். பேஸை நேரடியாகக் கேபிளில் எடுங்கள். அமெரிக்க றொக் குழுவான ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் 1992இல் வெளியிட்ட முதல் அல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் கிற்றாரும் பேஸும் ஒரே ரிஃப்பைச் சேர்ந்து வாசிக்கும். குரல் வருமிடத்தில் இசை ஒதுங்கி வழிவிடும். சாம்பிளோ கீபோர்டோ சின்தசைசரோ இல்லை என்று அட்டையிலேயே எழுதியிருந்தார்கள். ஐந்து கருவியை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவதைவிட இது நூறு மடங்கு நல்லது.

குரலுக்கு விலைகூடிய கொண்டென்சர் மைக் தேவையில்லை. கத்திப் பாடும் குரலுக்கு, சரிசெய்யாத அறையில், ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் நன்றாக வேலை செய்யும். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் தூரம். மெத்தையை மைக்குக்குப் பின்னால் வைப்பதுதான் வழக்கமான பிழை. மைக் பாடகரின் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஆகவே பாடகரின் முதுகுக்குப் பின்னால் மெத்தையை வையுங்கள். ஒரு நாளில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கத்த வைக்காதீர்கள். தொண்டை கரகரத்த பின் எடுக்கும் டேக்கில் ல, ள, ழ எல்லாம் ஒன்றாகிவிடும்.

கூட்டாகக் கோஷமிடும் வரிகளுக்கு எட்டுப் பேரைக் கூப்பிட்டு, இரண்டு மீட்டர் தள்ளி ஒரே மைக்கில் பதியுங்கள். இடம் மாற்றி நிறுத்தி இன்னும் இரண்டு தடவை எடுத்தால் இருபத்துநாலு பேர் போலாகும். கடைசி மெய்யில் எல்லோரும் ஒன்றாக வாய் மூட வேண்டும். ஒருவர் கையைக் காட்டட்டும்.

மிக்சிங்கில் குரலை முதலில் வைத்து மற்றதைச் சுற்றி அடுக்குங்கள். மெய்யெழுத்துகளின் தெளிவு 2 முதல் 5 கிலோஹேர்ட்ஸுக்குள் இருக்கிறது. டிஸ்டோர்ஷன் கிற்றாரின் கடுமையும் அங்கேதான். குரல் வரும்போது கிற்றாரில் 3 கிலோஹேர்ட்ஸைச் சுற்றி 2, 3 டெசிபெல் குறையுங்கள். குரலில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுங்கள். எதிரொலியைக் கூட்டக் கூடாது, அது குறிலை நெடிலாக்கும்.

பிறகு சோதனை. வரிகளை ஒருபோதும் பார்க்காத மூன்று பேரிடம், ஃபோன் ஸ்பீக்கரில் ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டி, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். ஒருவர் ஏறாவூர்க்காரர், ஒருவர் திருக்கோவில்காரர், ஒருவர் வயதானவர் என்றிருந்தால் நல்லது. எந்தச் சொல் இரண்டு பேருக்குத் தவறியதோ அந்தச் சொல்லைத் திரும்பப் பதியுங்கள். மிக்சில் கூட்டிச் சரிக்கட்ட முயன்றால் பக்கத்துச் சொல் அமுங்கும். ஓட்டோ ஸ்பீக்கரிலும் ஒரு தடவை கேளுங்கள்.

மாஸ்டரிங்கில் (மிக்சிங்குக்குப் பிறகு வரும் கடைசிச் சீரமைப்பு) சத்தத்தை நசுக்க வேண்டாம். ஸ்பொட்டிஃபை மைனஸ் 14 லஃப்ஸ் (பாட்டின் மொத்தச் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைத்துத்தான் போடும். உச்சம் மைனஸ் 1 டெசிபெலில் நிற்கட்டும்.

வெளியீடு சிறிய வேலை. குழுவின் பெயருக்கு ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தெரிந்தெடுத்து, எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். அட்டை 3000க்கு 3000 பிக்சல். வெளியீட்டு நாளுக்கு நாலு கிழமை முன்னதாகப் பாட்டுகளை இணையத்தில் ஏற்றுங்கள். வரிகளைத் தமிழில் முழுதாகப் போட்டு, சிங்கள மொழிபெயர்ப்பையும் நீங்களே நல்ல ஆளைக் கொண்டு செய்து பக்கத்தில் வையுங்கள். நீங்கள் செய்யாவிட்டால் வேறு யாரோ பிழையாகச் செய்து பரப்புவார்கள். யார் எழுதியது, யார் மெட்டு, வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். வெளியீட்டு நிகழ்ச்சிக்கு ஒலிபெருக்கி அனுமதியைப் பொலிஸில் முன்கூட்டியே எடுங்கள்.

பஸ், ஓட்டோக்காரருக்குக் கொடுக்கும் பென் டிரைவில் 320 கேபிபிஎஸ் எம்பி3 போடுங்கள். பல பிளேயர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, கோப்புப் பெயரை 01, 02 என்று எண்ணில் தொடங்குங்கள். பழைய பிளேயர் சில, பெயர் வரிசையைப் பார்க்காமல் படியெடுத்த வரிசையிலேயே பாடும். ஆகவே பாட்டுகளை மொத்தமாக இழுத்துப் போடாமல், முதல் பாட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் படியெடுங்கள்.