கூழ்ம வெள்ளி: செய்வது எளிது, சோதிப்பதுதான் வேலை

இரண்டு வெள்ளிக் கம்பி, மூன்று பேட்டரி, காய்ச்சி வடித்த நீர். இவ்வளவு இருந்தால் ஒரு மணி நேரத்தில் வெள்ளி நீரில் இறங்கிவிடும். இறங்கியது எத்தனை மில்லிகிராம், அது உண்மையிலேயே கூழ்மமா (கரையாமல் நீரில் மிதக்கும் நுண்துகளா) அல்லது கரைந்த அயனியா (மின்னேற்றம் பெற்ற அணுவா) என்று கண்டறிவதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். அதனால் இங்கே செய்முறையைவிடச் சோதனைக்கே அதிக இடம்.

முதலில் ஒன்று: இது வேதியியல் சோதனை. குடிப்பதற்கோ, கண்ணிலும் மூக்கிலும் விடுவதற்கோ, காயத்தில் ஊற்றுவதற்கோ அல்ல. உடலில் சேரும் வெள்ளி தோலில் படிந்து சாம்பல் நீல நிறத்தை உண்டாக்கும். ஆர்கிரியா எனப்படும் இந்த நிறமாற்றம் பெரும்பாலும் நிரந்தரமானது. தைராய்டு மாத்திரையும் சில ஆன்டிபயாடிக்குகளும் உடலில் சேர்வதையும் வெள்ளி கெடுக்கும். மருந்துக்கடையில் நேரடியாக விற்கப்படும் கூழ்ம வெள்ளித் தயாரிப்புகள் பாதுகாப்பானவை, பலன் தருபவை என்று ஏற்க முடியாது என அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1999-லேயே விதி வகுத்துவிட்டது. குடிநீரில் வெள்ளி லிட்டருக்கு 0.1 மி.கி. வரை இருக்கலாம் என்பது அந்நாட்டின் பரிந்துரை அளவு. நாம் செய்யப்போவது லிட்டருக்கு 10 மி.கி., அதாவது அதைப்போல நூறு மடங்கு. பாட்டிலில் ‘குடிக்கக் கூடாது’ என்று எழுதி ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

தேவையானவை

வெள்ளிக் கம்பி: 99.99 சதவீதத் தூய்மை, 2 மி.மீ. தடிமன், 12 செ.மீ. நீளத்தில் இரண்டு. நகை வெள்ளி வேண்டாம். 92.5 சதவீத வெள்ளியில் மீதி பெரும்பாலும் செம்பு, அதுவும் சேர்ந்து கரையும். பற்றவைத்த மூட்டுள்ள கம்பியும் ஆகாது, பற்றாசில் வேறு உலோகங்கள் இருக்கும்.

நீர்: காய்ச்சி வடித்த நீர் அல்லது அயனி நீக்கிய நீர், 250 மி.லி. மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 2 மைக்ரோசீமென்ஸுக்குள் இருக்க வேண்டும்.

மின்சாரம்: 9 வோல்ட் பேட்டரி மூன்று, தொடராக இணைத்தால் 27 வோல்ட். சுவர் மின்சாரத்தில் ஓடும் அடாப்டர்களைத் தொடக்கநிலையில் இருப்பவர்கள் தவிர்ப்பது நல்லது. பேட்டரியோடு 22 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று தொடராக வர வேண்டும்.

மற்றவை: உயரமான 250 மி.லி. கண்ணாடிக் குவளை, கம்பிகளைத் தாங்க இரண்டு துளையிட்ட பிளாஸ்டிக் மூடி, முதலை கிளிப்புகள், மல்டிமீட்டர், கண்ணாடிக் கலக்கி, 1 மில்லிவாட்டுக்கு மேற்படாத லேசர் சுட்டி, கையுறை. வெள்ளி அயனி பட்ட விரல் வெளிச்சத்தில் பழுப்பாகும், கறை போகப் பல நாள் பிடிக்கும்.

ரெசிஸ்டர் எதற்கு? நீரில் வெள்ளி ஏற ஏற அதன் மின்தடை குறையும், மின்னோட்டம் கூடும், கூடிய மின்னோட்டம் இன்னும் வேகமாக வெள்ளியை இறக்கும். கட்டுப்பாடின்றி விட்டால் கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லாம் கைமீறி, குவளையில் கறுப்புப் பஞ்சு மிதக்கும். 22 கிலோஓம் இருந்தால் இரண்டு கம்பியும் ஒன்றையொன்று தொட்டால்கூட 1.2 மில்லியம்பியருக்கு மேல் ஓடாது.

செய்முறை

1. குவளையைச் சோப்பு போட்டுக் கழுவி, குழாய் நீரில் அலசி, பிறகு காய்ச்சி வடித்த நீரால் மூன்று முறை அலசுங்கள். இந்த மூன்றாவது அலசலைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் நீர் பால்போல் கலங்கும். வெள்ளி குளோரைடு அவ்வளவு குறைவாகக் கரையக்கூடியது. லிட்டருக்கு 10 மி.கி. வெள்ளி இருக்கும் நீரில் சுமார் 0.07 மி.கி. குளோரைடு இருந்தாலே வீழ்படிவு தொடங்கிவிடும். விரல் ரேகையில் இருக்கும் உப்பும் கணக்கில் வரும்.

2. கம்பிகளை உரசும் பட்டையால் பளபளப்பாகத் தேய்த்து, காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். அதற்குப் பின் வெறுங்கையால் தொடக் கூடாது.

3. மூடியின் துளைகளில் கம்பிகளைச் செருகுங்கள். இடைவெளி 4 செ.மீ., நீருக்குள் 8 செ.மீ. கிளிப்புகள் மூடிக்கு மேலேயே இருக்கட்டும். கிளிப் நனைந்தால் அதன் நிக்கலும் இரும்பும்தான் முதலில் கரையும்.

4. பேட்டரி, ரெசிஸ்டர், ஒரு கம்பி, நீர், மறு கம்பி, மீண்டும் பேட்டரி என ஒரே வளையமாக இணையுங்கள். மல்டிமீட்டரை மின்னோட்ட அளவுக்கு மாற்றி வளையத்துக்குள் நுழைக்கலாம். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு: ரெசிஸ்டரின் இரு முனையிலும் மீட்டரை வைத்து வோல்ட் அளவிடுங்கள். 22 வோல்ட் காட்டினால் 1 மில்லியம்பியர், 4.4 வோல்ட் காட்டினால் 0.2 மில்லியம்பியர். மீட்டரின் ஃபியூஸும் பிழைக்கும்.

5. இணைத்ததும் 0.2 மில்லியம்பியருக்கு அருகில் தொடங்கும். தொடக்கத்திலேயே 1 மில்லியம்பியர் காட்டினால் நீர் தூய்மையாக இல்லை. கொட்டிவிட்டு வேறு நீர் எடுங்கள்.

6. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மின்னோட்டத்தைக் குறித்துக்கொண்டு, மெதுவாகக் கலக்குங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பேட்டரியின் முனைகளை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் எதிர்மின்வாயில் (பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்த கம்பியில்) கறுப்பு இழைகள் வளர்ந்து, உதிர்ந்து, நீரைச் சாம்பலாக்கும்.

நேர்மின்வாயில் வெள்ளி அயனியாகக் கரைகிறது. எதிர்மின்வாயில் நுண்ணிய ஹைட்ரஜன் குமிழிகள் எழும். அளவு சொற்பம்தான், ஆனாலும் குவளையை இறுக மூட வேண்டாம்.

எப்போது நிறுத்துவது?

நிறத்தையோ கடிகாரத்தையோ பார்த்து அல்ல, ஃபாரடே விதியைப் பார்த்து: கரையும் உலோகத்தின் அளவு, ஓடிய மின்சாரத்தின் அளவைப் பொறுத்தது. 1 மில்லியம்பியர் 1 நிமிடம் ஓடினால் 0.067 மி.கி. வெள்ளி கரையும், ஒரு மணி நேரம் ஓடினால் 4.02 மி.கி. 250 மி.லி. நீரில் 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மி.கி.) வேண்டுமானால் 2.5 மி.கி. வெள்ளி தேவை. அதற்கு 37 மில்லியம்பியர்-நிமிடம் ஓட வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு அளவீடுகள் இப்படி வந்தன என்று வைத்துக்கொள்வோம்: 0.2, 0.3, 0.4, 0.5, 0.6, 0.6, 0.7, 0.8, 0.8, 0.8, 0.9, 0.9. கூட்டினால் 7.5. ஐந்து நிமிட இடைவெளி என்பதால் ஐந்தால் பெருக்கினால் 37.5. இலக்கு வந்துவிட்டது, நிறுத்திவிடலாம்.

இந்தக் கணக்கு தருவது உச்ச வரம்பு. கரைந்ததில் ஒரு பங்கு எதிர்மின்வாயில் மீண்டும் படியும், கொஞ்சம் அடியில் உதிரும். நீரில் இருப்பது கணக்கைவிடக் குறைவாக இருக்குமே தவிர, கூடுதலாக இருக்காது. கம்பியை எடைபோட்டுச் சரிபார்க்கலாமே என்று தோன்றும். 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசின் ஒரு படியே 10 மி.கி., நாம் தேடுவது 2.5 மி.கி. அதற்கு 0.1 மி.கி. வரை காட்டும் ஆய்வகத் தராசு வேண்டும்.

10 பிபிஎம்மைத் தாண்டி ஓட்டுவதில் பயனில்லை. வெள்ளி ஆக்சைடின் கரைதிறன் 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 13 மி.கி.தான். அதற்கு மேல் இறங்குவது பழுப்புக் கசடாக அடியில் உட்காரும். ‘வீட்டிலேயே 500 பிபிஎம்’ என்று யாராவது சொன்னால், அவர்கள் எதை வைத்து அளந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கிடைத்தது கூழ்மமா?

பெரும்பாலும் இல்லை. இப்போது குவளையில் இருப்பது நிறமற்ற நீர், அதில் உள்ள வெள்ளியின் பெரும்பகுதி அயனி. சிறு பங்கே துகள். இரண்டையும் பிரித்துக் காட்டப் பின்வரும் சோதனைகள் போதும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்னொரு குவளையில் வெறும் காய்ச்சி வடித்த நீரையும் வைத்துச் செய்யுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாமல் செய்யும் சோதனையில் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும்.

லேசர் சோதனை: அறையை இருட்டாக்கி, குவளையின் ஒரு பக்கமிருந்து ஒளியைச் செலுத்தி, செங்குத்தான திசையிலிருந்து பாருங்கள். கூழ்மத் துகள் இருந்தால் ஒளிக்கற்றை தொடர்ச்சியான கோடாகத் தெரியும், இதுவே டின்டால் விளைவு. வெறும் அயனிக் கரைசலில் கோடு தெரியாது. ஆங்காங்கே புள்ளி புள்ளியாக மின்னினால் அது தூசி. சிவப்பு லேசரைவிடப் பச்சை உகந்தது, ஏனெனில் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதமாகக் கூடும். 650 நானோமீட்டர் சிவப்பைவிட 532 நானோமீட்டர் பச்சை இரண்டு மடங்குக்கு மேல் சிதறும். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணில் விழாதபடி குவளைக்குப் பின்னால் கறுப்பு அட்டை வையுங்கள்.

உப்புச் சோதனை: 10 மி.லி. மாதிரியில் இரண்டு சொட்டு உப்புநீர் விடுங்கள். உடனே வெண்புகைபோல் கலங்கினால் அயனி இருக்கிறது. அந்தக் கலங்கலை வெயிலில் வைத்தால் ஊதா கலந்த சாம்பலாக மாறும். கூழ்மம் மட்டும் இருந்தால் வெண்மை வராது. ஆனால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நிறம் மங்கி, மெல்லச் சாம்பலாகும்.

டிடிஎஸ் மீட்டர் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்ட விற்கப்படுவது): அதிகம் தவறாகப் படிக்கப்படும் கருவி இதுதான். அதன் திரையில் ‘பிபிஎம்’ என்று இருப்பதால் வெள்ளியின் பிபிஎம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது அளப்பது மின்கடத்துதிறன், அதை ஏறத்தாழ 0.5-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. நீரில் மிதக்கும் உலோகத் துகள் அதன் கண்ணுக்கே தெரியாது. வெள்ளியோடு ஹைட்ராக்சைடு அயனியும் இருப்பதால், 10 பிபிஎம் அயனி வெள்ளி புதிதாக இருக்கும்போது 24 மைக்ரோசீமென்ஸ் வரை காட்டலாம். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்து ஹைட்ராக்சைடு பைகார்பனேட்டாக மாறியதும் அதே நீர் 10-க்கு இறங்கும். வெள்ளி குறையவில்லை, எண் மட்டும் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆகவே தொடங்கும் நீர் தூய்மையா என்று பார்க்க இந்த மீட்டரை வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளியின் அளவுக்கு மின்னோட்டக் கணக்கையே நம்புங்கள். துல்லியமான எண் வேண்டுமென்றால் அணு உறிஞ்சல் நிறமாலைக் கருவி உள்ள ஆய்வகத்துக்குத்தான் மாதிரி போக வேண்டும்.

அயனியைக் கூழ்மமாக மாற்ற

மேலே கிடைத்த நீரை 70 முதல் 80 டிகிரி வரை சூடாக்குங்கள். ஆய்வகத் தரச் சோடியம் கார்பனேட்டின் 10 சதவீதக் கரைசல் 0.5 மி.லி., பிறகு 10 சதவீத குளுக்கோஸ் கரைசல் 1 மி.லி. சேர்த்துக் கலக்குங்கள். காரத்தில் குளுக்கோஸ் வெள்ளி அயனியை உலோகமாக ஒடுக்கும், அதாவது எலக்ட்ரான் கொடுத்து உலோகமாக மாற்றும். சர்க்கரை போட்டால் இந்த வினை சரியாக நடக்காது, அது ஒடுக்கும் சர்க்கரை அல்ல. துணி துவைக்கும் சோடாவும் வேண்டாம், அதில் குளோரைடு கலந்திருக்கலாம்.

நீர் மெல்ல மஞ்சளாகும். சில பத்து நானோமீட்டர் அளவுள்ள வெள்ளித் துகள் 400 நானோமீட்டருக்கு அருகிலுள்ள ஊதா, நீல ஒளியை விழுங்குவதால், மிஞ்சும் ஒளி மஞ்சளாகத் தெரிகிறது. தெளிந்த மஞ்சள் வந்தால் வெற்றி. பழுப்பு என்றால் துகள் பெருத்திருக்கிறது அல்லது ஆக்சைடு முழுதும் ஒடுங்கவில்லை, இன்னும் பத்து நிமிடம் சூட்டில் வைத்துப் பாருங்கள். சாம்பலாகி அடியில் படிந்தால் துகள்கள் ஒட்டிவிட்டன, திருத்த முடியாது. அடுத்த முறை, சூடாக்குவதற்கு முன் 1 சதவீத ஜெலட்டின் கரைசல் ஒரு மி.லி. சேருங்கள். அது துகளைச் சுற்றிப் போர்த்தி, ஒட்டாமல் காக்கும். இப்போது லேசர் சோதனையையும் உப்புச் சோதனையையும் மறுபடி செய்தால் வேறுபாடு கண்ணெதிரே தெரியும்.

சேமிக்க அடர்பழுப்புக் கண்ணாடி பாட்டில், அறை வெப்பநிலை. உறைய விட்டால் கூழ்மம் திரிந்துவிடும், பிறகு உருக்கினாலும் திரும்பாது.

வெள்ளி அயனி மீன்களுக்கும் நுண்ணுயிர்களுக்கும் நஞ்சு, எனவே மீந்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஒரு சிட்டிகை உப்பு போட்டு இரவு முழுதும் வைத்து, படிந்ததை வடிகட்டித் தாளோடு எடுத்து ஆய்வகக் கழிவோடு சேர்த்துவிடுங்கள். கறை போகும் என்று அம்மோனியா ஊற்றி வைத்துவிடாதீர்கள். வெள்ளியும் அம்மோனியாவும் கலந்த கரைசல் நின்றால் வெடிக்கக்கூடிய படிவு உருவாகும்.