ஆபரேஷனுக்கு முன்னால் சிபாப் மெஷினோடு பழகுவது எப்படி

கர்ப்பப்பை ஆபரேஷனுக்குத் தேதி குறித்த பிறகுதான் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கப் போனேன். கழுத்தை டேப் வைத்து அளந்தார், பிரஷர் இருக்கிறதா, பகலில் கண்ணைச் சொக்குகிறதா, குறட்டை உண்டா என்று வரிசையாகக் கேட்டார். குறட்டைக்கு நான் இல்லை என்றேன். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர், "இல்ல டாக்டர், ராத்திரி இவளுக்கு மூச்சே நின்னு போகுது, நான்தான் தட்டி எழுப்புறேன்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்போது அவர் மேல் கோபம்தான் வந்தது. பெண்கள் பலர் இந்த ஒரு கேள்விக்கு வெட்கப்பட்டுப் பொய் சொல்கிறோம், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், முடிந்தால் பக்கத்தில் படுப்பவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.

தூக்கப் பரிசோதனையில் எனக்கு மணிக்கு 38 தடவை மூச்சு தடைபடுவதாக வந்தது. 5 வரை சாதாரணம், 15-க்கு மேல் நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் தீவிரம். ஆபரேஷனுக்கு 24 நாள் இருந்தது. அதற்குள் சிபாப் மெஷினோடு, அதாவது தூங்கும்போது மாஸ்க் வழியாக மூக்குக்குள் காற்றைத் தள்ளும் பெட்டியோடு, பழகிவிட்டு வாருங்கள் என்றார் டாக்டர்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், நாம் தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு வழி அடைபட்டால் மூளை நம்மை அரைகுறையாக எழுப்பி மூச்சு விட வைத்துவிடும். மயக்க மருந்தும், ஆபரேஷனுக்குப் பிறகு போடும் மார்ஃபின், ஃபென்டனில் மாதிரியான வலி மருந்துகளும் தொண்டையை இன்னும் தளர்த்தும், கூடவே அந்த எழுப்புகிற வேலையையும் மந்தமாக்கும். மெஷின் காற்றின் அழுத்தத்தால் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. பலர் இதை ஆக்சிஜன் மெஷின் என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை, அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் தள்ளுகிறது. எனக்கு வைத்த அழுத்தம் 9. அது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் ஒரு சொம்பில் தண்ணீர் ஊற்றி, ஸ்ட்ராவை 9 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு ஊதிப் பாருங்கள், குமிழி வர எவ்வளவு ஊத வேண்டியிருக்கிறதோ அவ்வளவுதான் அழுத்தம். முகத்தில் புயல் அடிக்கிற மாதிரி தோன்றினாலும் உண்மையில் சின்ன அழுத்தம்தான் என்று அதைச் செய்து பார்த்த பிறகுதான் எனக்கு மனசு நம்பியது.

இனி முக்கியமான விஷயம். மெஷின் வந்த அன்று ராத்திரியே மாட்டிக்கொண்டு படுத்துவிடாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன், நாற்பது நிமிஷத்தில் மாஸ்க்கைப் பிய்த்து எறிந்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன், அதற்கப்புறம் அந்தப் பெட்டியைப் பார்த்தாலே நெஞ்சு படபடத்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு போன் செய்தபோது அங்கிருந்த ஒரு நர்ஸ், "பகல்ல பழகுங்கம்மா, ராத்திரி தன்னால வரும்" என்றார். அதுதான் என்னைக் காப்பாற்றியது.

முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டு, மெஷினை ஓடவிட்டு, மாஸ்க்கைக் கையால் மட்டும் மூக்கில் பிடித்துக்கொள்ளுங்கள், பட்டையை மாட்ட வேண்டாம். எந்த நொடியும் எடுத்துவிடலாம் என்று கைக்குத் தெரிந்தால் பயம் பாதி போய்விடும். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், போதும். வாயை மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் மூச்சு விடுங்கள். மூக்கு மாஸ்க்காக இருந்தால் வாயைத் திறந்ததும் காற்று வாய் வழியாகக் கொட்டும், முதல் தடவை திடுக்கென்று இருக்கும், ஆபத்தில்லை. அடுத்த நாள் பட்டையை மாட்டி அரை மணி நேரம் உட்காருங்கள், காய்கூட நறுக்கலாம், நான் அவரைக்காய் ஆய்ந்தேன். மூன்றாம் நாள் மதியம் மாட்டிக்கொண்டு படுத்துத் தூங்க முயன்று பாருங்கள். தூக்கம் வராவிட்டாலும் ஒரு மணி நேரம் கழட்டாமல் கிடந்தால் அன்றைக்கு அது போதும். அதற்குப் பிறகுதான் ராத்திரி. ஒவ்வொரு படியும் சலிப்பு தட்டும்வரை செய்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள், பயம் இருக்கும்போதே தாண்டாதீர்கள்.

மெஷினில் ரேம்ப் என்று ஒரு வசதி இருக்கும், குறைந்த அழுத்தத்தில் தொடங்கி நீங்கள் தூங்குவதற்குள் மெதுவாக ஏற்றும். அதை வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். மூச்சை வெளியே விடும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிற வசதியும் பல மெஷின்களில் உண்டு, வெளியே விடத்தான் சிரமம் என்பவர்களுக்கு அது பெரிய வித்தியாசம். ஆனால் டாக்டர் வைத்த அழுத்தத்தை நீங்களாக மாற்றாதீர்கள்.

மாஸ்க்கில்தான் பாதி வெற்றி. மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காருவது, மூக்கை மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது என்று மூன்று வகை. மூக்கால் நன்றாக மூச்சு வரும் என்றால் சின்னதிலேயே ஆரம்பியுங்கள், முகம் அடைபட்ட உணர்வு குறைவு. மாஸ்க்கை நின்றுகொண்டு கண்ணாடி முன்னால் சரி செய்தால் படுத்ததும் கசியும், ஏனென்றால் படுக்கும்போது கன்னத்துத் தசை நகர்கிறது. படுத்து, மெஷினை ஓடவிட்டு, பிறகு பட்டையை இழுங்கள். கசிந்தால் உடனே இறுக்கத் தோன்றும், இறுக்காதீர்கள். மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல்கடை முன்னால் இழுத்து, உள்ளே இருக்கும் மெல்லிய சிலிக்கான் உதடு காற்றில் உப்பியதும் மெதுவாக மறுபடி வைத்தால் தானாகப் படிந்துவிடும். நானோ இறுக்கி இறுக்கி மூக்குத் தண்டில் புண்ணாக்கிக்கொண்டேன். மாஸ்க்கின் முன்னால் சின்னச் சின்ன ஓட்டை வழியாக உஸ்ஸென்று காற்று வரும், அது கசிவு இல்லை, நாம் விடும் மூச்சு வெளியேறுகிற வழி, அதை அடைக்கவே கூடாது.

நம் பெண்களுக்கு மட்டும் சில விஷயம். மூக்குத்தியை ராத்திரி கழட்டிவிடுங்கள். என் எட்டுக்கல் மூக்குத்தி சிலிக்கானைத் தூக்கி, அந்த இடுக்கு வழியாகக் காற்று நேராக வலது கண்ணில் அடித்தது, காலையில் கண் சிவந்து நின்றேன். ஆபரேஷனுக்கு எப்படியும் கழட்டத்தான் வேண்டும். கழட்டி வருஷக்கணக்கானவர்களுக்குத் திருகு அசையாது, முன்கூட்டியே ஆசாரியிடம் போய்க் கழட்டிக்கொள்ளுங்கள். கொண்டை போட்டால் பின்பட்டை மேலே ஏறிவிடும், தளர்வாகப் பின்னிப் பட்டைக்குக் கீழே தொங்கவிடுங்கள். தலைக்கும் முகத்துக்கும் ராத்திரியில் எண்ணெய், க்ரீம் வேண்டாம், மாஸ்க் வழுக்கும். ஆண்களுக்கு இதே தொல்லை தாடியில் வரும்.

மூக்கடைப்பு இருந்தால் படுக்கும் முன் உப்புத் தண்ணீர் ஸ்ப்ரே அடியுங்கள், தீராவிட்டால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள், அடைத்த மூக்கோடு போராடுவது வீண். காலையில் வாய் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் ராத்திரி வாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம், தாடைப் பட்டையோ வாயையும் மூடும் மாஸ்க்கோ தேவைப்படலாம். வயிறு உப்பி ஏப்பமாக வந்தால் காற்றை விழுங்குகிறீர்கள், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஈரப்பதத் தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் ஊற்றினால் நம் ஊர் உப்பு ஒரு வாரத்தில் வெள்ளையாகப் படிந்துவிடும். மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வையுங்கள், ஏசி அறையில் குழாய்க்குள் தண்ணீர் கோர்த்தாலும் முகத்துக்கு வராது. கொசுவர்த்தியும் ஊதுபத்தியும் அந்த அறையில் வேண்டாம், மெஷின் அந்தப் புகையை இழுத்து நேராக மூக்குக்குத்தான் அனுப்பும். கரண்டு போகும் ஊராக இருந்தால் இன்வெர்ட்டர் வேண்டும், இன்வெர்ட்டரில் ஓடும்போது தண்ணீர் சூடாக்குவதை அணைத்துவிட்டால் பேட்டரி அதிக நேரம் வரும்.

பெரிய நகரங்களில் மாத வாடகைக்கே மெஷின் கிடைக்கிறது, ஆபரேஷன் அவசரத்தில் இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. மாஸ்க் மட்டும் புதிதாக வாங்குங்கள். பழைய மெஷினை யாராவது தந்தால் மாடல் எண்ணைச் சரிபாருங்கள், 2021 ஜூனில் ஃபிலிப்ஸ் நிறுவனம் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் உதிரும் காரணத்தால் லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்ப அழைத்தது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள், அவர்களோடு ஒரே படுக்கையில் தூங்குபவர்களும்கூட, காந்தக் கொக்கி இல்லாத மாஸ்க்காகக் கேட்டு வாங்க வேண்டும்.

மனசு விட்டுப்போகும் ராத்திரிகளில் எனக்குத் தெம்பு தந்த ஒரு விஷயம்: சிட்னியில் கொலின் சலிவன் என்ற டாக்டர் 1981-இல் இந்தச் சிகிச்சையை உலகுக்குச் சொன்னபோது, ஆரம்ப நோயாளிகள் ராத்திரி தோறும் மாஸ்க்கைப் பசை போட்டு மூக்கில் ஒட்டிக்கொண்டு, இரைகிற மோட்டார் பக்கத்தில் தூங்கினார்களாம். அப்படியும் விடாமல் போட்டார்கள், காலையில் தெளிவாக எழுந்ததுதான் காரணம். எனக்கு அந்தக் காலை ஒன்பதாம் நாள் வந்தது. நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கியிருந்தேன், எழுந்ததும் தலைவலி இல்லை, வருஷக்கணக்காக இருந்த தலைவலி. ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் ஆறு மணி நேரம் தாண்டியது. உங்களுக்கு அவ்வளவு நாள் இல்லாமல் ஒரு வாரமே இருந்தாலும் பழகுங்கள், தள்ளிப்போடுவதா வேண்டாமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரையும் மதுவும் மட்டும் கூடாது, இரண்டும் தொண்டையைத் தளர்த்துகிறவை.

ஆஸ்பத்திரிக்கு மெஷின், மாஸ்க், குழாய், ஒயர், டிஸ்டில்டு வாட்டர் எல்லாம் உங்களோடு வர வேண்டும், தொட்டியைக் காலி செய்துவிட்டுத் தூக்குங்கள். மெஷினில் பதிவான மணி நேரம், கசிவு, மிச்சமிருக்கும் மூச்சுத் தடை எண்ணிக்கை மூன்றையும் மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கிற அறையிலேயே மாட்டுவார்களா, வலிக்கு என்ன மருந்து தருவார்கள் என்று முந்தைய நாளே கேளுங்கள். கூட இருக்கப் போகிறவருக்கு மாஸ்க் மாட்டக் கற்றுக்கொடுங்கள், இது ரொம்ப முக்கியம், ஒரு கையில் டிரிப்ஸும் அரை மயக்கமுமாக உங்களால் மாட்ட முடியாது. என் வீட்டுக்காரர் ஒரு வாரம் தினமும் எனக்கு மாட்டிவிட்டுப் பழகினார். மெஷின் மேல் ஒரு சீட்டும் ஒட்டினார்: "தூங்கும்போதெல்லாம், பகலிலும், மாட்டவும். குமட்டினால் உடனே கழட்டவும்." அந்த இரண்டாவது வரியை விடவே கூடாது, மாஸ்க்குக்குள் வாந்தி வந்தால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். டாக்டர் தடுக்காவிட்டால் தலைப்பக்கம் உயர்த்தியே படுங்கள், மல்லாந்து வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு, வலி இருக்கிறது, அசதி இருக்கிறது, இன்றைக்கு ஒரு ராத்திரி வேண்டாம் என்று தோன்றும். ஆபரேஷன் முடிந்த முதல் ராத்திரியிலும் இரண்டாம் ராத்திரியிலும் கனவு வரும் தூக்கம் சரியாக வராது, மூன்றாவது ராத்திரி வாக்கில் அது சேர்த்து வைத்துக்கொண்டு வரும், மூச்சுத் தடை அதிகமாவதும் அந்தத் தூக்கத்தில்தான். நான் மூன்றாம் நாள் மாலைதான் வீடு திரும்பினேன். பையைப் பிரிப்பதற்கு முன்னால் வீட்டுக்காரர் மெஷினைக் கட்டில் பக்கத்தில் வைத்து ஒயரைச் செருகிவிட்டார்.