இலத்தீன் உணவுச் சொற்களை வேற்றுமையோடு கற்கும் முறை

குமரி மாவட்டத்துத் தேவாலயங்களின் பாடற்குழுவினரும் குருமடத்தில் சேர ஆயத்தமாகும் மாணவர்களும் இலத்தீனை உணவுச் சொற்களிலிருந்து தொடங்கலாம். பானிஸ் (அப்பம்), ஆக்வா (தண்ணீர்), லாக் (பால்), வீனும் (திராட்சை இரசம்), ஓலெயும் (எண்ணெய்), சால் (உப்பு), பிஷிஸ் (மீன்), காரோ (இறைச்சி) ஆகியவை முதல் வாரத்துக்குப் போதும். இங்கே திருச்சபை உச்சரிப்பையே தந்திருக்கிறேன். பண்டைய உரோமர் பிஷிஸ் என்பதைப் 'பிஸ்கிஸ்' என்றே ஒலித்தனர்.

ஒவ்வொரு சொல்லையும் அதன் ஆறாம் வேற்றுமை வடிவத்தோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். லாக் என்பது 'பாலின்' எனும் பொருளில் லாக்திஸ் ஆகிறது. காரோ கார்னிஸ் ஆகிறது. மற்ற வேற்றுமைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வடிவத்திலிருந்தே பிறப்பதால், முதல் வடிவத்தை மட்டும் படித்தவருக்கு அடுத்த பாடம் விளங்காது. உப்புப் பரணியில் 'சால், சாலிஸ்' என்று எழுதி ஒட்டுவது நல்ல பழக்கம்.

அடுத்தது இரண்டாம் வேற்றுமை. கர்த்தர் கற்பித்த செபத்தில் 'உணவை' என்று நாம் சொல்லுமிடத்தில் இலத்தீனில் பானிஸ் 'பானெம்' என்று வருகிறது. தமிழர் தடுமாறும் இடமும் இதுதான்: 'மீன் தின்கிறேன்' என்று நாம் ஐ உருபை விட்டுவிடலாம், இலத்தீனில் 'பிஷெம் எதோ' என்றே சொல்ல வேண்டும். ஆனால் லாக், வீனும், ஓலெயும் போன்ற அஃறிணைப்பாற் சொற்கள் மாறுவதில்லை. 'லாக் பிபோ' என்றாலே 'பால் குடிக்கிறேன்' என்று பொருள்.

மருந்துச்சீட்டில் மருத்துவர் எழுதும் ஏ.சி., பி.சி. என்பவை 'ஆந்தே சிபும்', 'போஸ்த் சிபும்' என்பவற்றின் சுருக்கம். 'உணவுக்கு முன்', 'உணவுக்குப் பின்' என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதை இலத்தீன் இரண்டாம் வேற்றுமையில் சொல்கிறது. சிபுஸ் என்ற சொல் சிபும் ஆனது அதனால்தான்.

தாவரப் பெயர்களும் உதவும். மரச்சீனியின் (மரவள்ளியின்) அறிவியல் பெயர் மானிஹோட் எஸ்குலெந்தா. சேம்பின் பெயர் கொலொகாசியா எஸ்குலெந்தா. இரண்டிலும் எஸ்குலெந்தா என்றால் உண்ணத்தக்கது. தென்னைக்கு 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இட்ட பெயரிலுள்ள நுசிஃபேரா 'கொட்டை தாங்குவது' என்றும், பனையின் பெயரிலுள்ள ஃப்ளாபெல்லிஃபேர் 'விசிறி தாங்குவது' என்றும் பொருள்படும்.

நம் ஊர் உணவுக்குத் தனிச்சொல் கிடைக்காதபோது ஆறாம் வேற்றுமையைக் கொண்டு நீங்களே சொற்றொடர் அமைக்கலாம்: அக்கானியை (பதநீரை) 'சூக்குஸ் பால்மே', அதாவது பனையின் சாறு, என்று சொல்லலாம், குடிக்கும்போது 'சூக்கும் பால்மே பிபோ'.